ஒரேயொரு 'டொக்'

ரிவர்ஸில் வந்து பிரேக் போட்டால் 'டொக்'. முதல் கியர் போட்டு முன்னே நகர்ந்து பிரேக்கை மிதித்தால் இன்னொரு 'டொக்'. அதோடு சரி. கவென்ட்ரியிலிருந்து ஸ்ட்ராட்ஃபோர்டு வரை போய்வந்தாலும், வழியில் நாற்பது இடத்தில் நின்று கிளம்பினாலும், வண்டி வாயே திறக்காது. வீட்டு வாசலில் மறுபடி ரிவர்ஸ் எடுக்கும்போதுதான் அடுத்தது. இடது முன் சக்கரத்துப் பக்கம், யாரோ மரக்கதவை விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டியதுபோல.

நாலு மாதம் இந்தச் சத்தத்தோடு குடித்தனம் நடத்தினேன். வண்டி 1972-ம் வருடத்து ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், மார்க் ஃபோர். 1,296 சிசி எஞ்சின், இரண்டே இருக்கை, மழை வந்தால் ஒழுகும் கூரை. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் எஞ்சின் சத்தத்தைத்தான் சிலாகிப்பார்கள். எனக்கென்னவோ முன் சஸ்பென்ஷன் சத்தங்கள்மேல்தான் பிரியம். எஞ்சின் கச்சேரி மாதிரி, உங்களுக்காகவே பாடும். முன் சஸ்பென்ஷன் பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி. சுவர் வழியாகத்தான் காதுக்கு வரும். யார் யாரோடு, எதற்காக என்பதை நாம்தான் ஊகிக்க வேண்டும்.

இந்த ஊகத்தைக் கற்றுக்கொள்ள ஸ்பிட்ஃபயரைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரிந்து இல்லை. பானட்டும் இரண்டு மட்கார்டும் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். திறந்ததும் எஞ்சினோடு இரண்டு முன் சக்கரங்களும் முழுசாக வெளியே வந்துவிடும். மேல் விஷ்போன், கீழ் விஷ்போன், காயில் ஸ்பிரிங், அதன் நடுவே ஷாக் அப்சார்பர், குறுக்கே ஓடும் ஆன்டி ரோல் பார் எல்லாமே கண்ணெதிரே. மற்ற வண்டிகளில் மல்லாந்து படுத்துப் பார்க்க வேண்டியதை இதில் டயர்மேல் உட்கார்ந்தே பார்க்கலாம். நான் டீ குடிப்பதும் பெரும்பாலும் அங்கே உட்கார்ந்துதான்.

இந்த அமைப்பு ஸ்பிட்ஃபயருக்கென்று பிறந்ததல்ல. 1959-ல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டிடமிருந்து வாங்கியது. ஐம்பதுகளில் ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃபுக்கு பாடி செய்துகொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோவைப் போட்டி நிறுவனமான பிஎம்சி வாங்கிவிட்டது. ஹெரால்டைத் தனி சேஸிஸ் மேல், துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு இணைக்கும் வண்டியாக அமைக்க வேண்டிவந்ததற்கு அதுவே முக்கியக் காரணம். இத்தாலியரான ஜொவான்னி மிகெலோட்டி அதற்கு உருவம் வரைந்தார். அதே சேஸிஸைக் குறுக்கி அவரே வரைந்த சின்ன ஸ்போர்ட்ஸ் காரின் மாதிரி, காசில்லாததால் கேன்லி தொழிற்சாலையின் ஒரு மூலையில் துணி போர்த்திக் கிடந்ததாம். 1961-ல் கம்பெனியை லேலண்டு வாங்கியபின் துணியை விலக்கிப் பார்த்திருக்கிறார்கள். 1962-ல் ஸ்பிட்ஃபயர் வெளிவந்தது. 1980 வரை மூன்று லட்சத்துக்கு மேல் விற்றது. கேன்லியில் இப்போது தொழிற்சாலை இல்லை. ஹெரால்டு அவென்யூ என்று ஒரு சாலை மட்டும் இருக்கிறது. நான் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிற வழி.

அந்தப் பெயர்ப்பலகையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது மெட்ராஸ்தான். அப்பாவிடம் இருந்தது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961 முதல் மெட்ராஸிலேயே தயாரான வண்டி. என் ஸ்பிட்ஃபயரின் முன் சக்கரத்தைத் தாங்கும் இரும்பும் பித்தளையும் அப்பாவின் ஹெரால்டில் இருந்ததன் உடன்பிறப்பு. அதனால்தான் இந்த வண்டியின் பாஷை எனக்குப் பாதி முன்பே தெரிந்திருந்தது.

சொல்லிக்கொடுத்தவர் புதுப்பேட்டைச் சந்து ஒன்றில் பட்டறை வைத்திருந்த மேஸ்திரி. முழங்கை வரை கிரீஸ், காதில் ஒரு பீடி. அப்பா வண்டியை நிறுத்திவிட்டு, "முன்னாடி லெஃப்ட்ல லொடலொடன்னு சத்தம்ப்பா" என்றார். மேஸ்திரி குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"எங்க வருதுன்றத நான் பாத்துக்கறேன் சார். எப்ப வருது, அத்த சொல்லுங்க."

அப்பா விழித்தார். மேஸ்திரி ஒவ்வொன்றாகக் கேட்டார். "காலைல எடுத்ததும் வருதா, சூடானப்புறம் வருதா? மழைல நிக்குதா? ஒத்தச் சக்கரம் பள்ளத்துல எறங்கினா வருதா, ரெண்டும் சேந்து ரயில்வே கேட்டுல ஏறினா வருதா? சத்தம் வர்றப்ப பிரேக் மேல லேசா கால வெச்சா அடங்குதா?" அப்பாவிடம் ஒன்றுக்கும் பதில் இல்லை. "ஒரு வாரம் ஓட்டிட்டு வாங்க சார். காதத் தொறந்து வெச்சுனு ஓட்டுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். வந்த வேலையை வேண்டாமென்று அனுப்பிய மெக்கானிக்கை அதற்குப் பிறகு எந்த ஊரிலும் நான் பார்க்கவில்லை.

அவர் 'எங்கே'யை ஒதுக்கியதற்குக் காரணம் உண்டு. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். எஃகில் 5,000 மீட்டருக்கு மேல். சக்கரத்தில் பிறந்த தட்டு, சேஸிஸைப் பிடித்து ஓடி, பாடி உட்கார்ந்திருக்கும் போல்ட் வழியாக ஏறி, ஸ்டீயரிங் தண்டில் வந்து இறங்கும். இடது சக்கரத்துச் சத்தம் வலது காலுக்குக் கீழே கேட்கும். காது காட்டுவது சத்தம் வெளியே வந்த வாசலை. பிறந்த அறையை அல்ல. நேரம் மட்டும் இடம் மாறாது. எந்தப் பாகம் எந்தக் கணத்தில் வேலை செய்கிறதோ அந்தக் கணத்தில்தான் அது முனக முடியும்.

ரயில்வே கேட்டு கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆன்டி ரோல் பார் என்பது இடது வலது சக்கரங்களைக் கட்டிப்போடும் கம்பி. ஒரு சக்கரம் மட்டும் ஏறினால் அது முறுக்கிக்கொள்ளும். இரண்டும் ஒன்றாக ஏறினால் சும்மா கூடவே ஏறி இறங்கும். ஆகவே ஒற்றைப் பள்ளத்தில் லொடலொடவென்று, தண்டவாளத்தில் மௌனம் என்றால், சந்தேகம் நேராக அந்தக் கம்பியின் இணைப்புகள்மேல் விழும். பிரேக்கில் லேசாகக் கால் வைத்ததும் அடங்கினால், அது சஸ்பென்ஷனே இல்லை. கேலிப்பருக்குள் தளர்ந்து உட்கார்ந்த பிரேக் பேடு. மழையில் நிற்கும் கீச்சு ரப்பருடையது. ஒரு ஸ்பேனரைத் தொடாமல், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே பாதிப் பட்டியலை அடித்துவிடலாம்.

அடுத்தது, கேட்ட சத்தத்துக்குச் சரியான பெயர் வைப்பது. இதில் தமிழன் கொடுத்துவைத்தவன். இங்கே கார் வைத்திருக்கும் வெள்ளைக்கார நண்பர்கள் மூன்று நான்கு சொல்லை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சமாளிப்பார்கள். மீதியை வாயால் நடித்துக் காட்டுவார்கள். நமக்கு லொடலொட வேறு, கடகட வேறு, கீச்கீச் வேறு, கிறீச் வேறு, ணங் வேறு. லொடலொட என்றால் கனமில்லாத ஒன்று தளர்ந்து ஆடுகிறது. கீச்கீச் உலர்ந்த ரப்பர். வேகத்தோடு ஏறி இறங்கும் 'கொர்ர்' வீல் பேரிங்; வலப்பக்கம் திரும்பும்போது கூடினால் பாரம் ஏறுகிற இடது பேரிங்கில் கை வைக்கலாம். ணங் என்றால் நடுவில் இருக்க வேண்டிய ரப்பரே இல்லை, இரும்பும் இரும்பும் நேருக்கு நேர். இரட்டைக்கிளவி பிரிந்து நின்றால் பொருள் தராது என்று இலக்கணம் சொல்கிறது. சஸ்பென்ஷனில் தலைகீழ். லொடலொடவுக்குப் பத்து காரணம் இருக்கலாம். ஒற்றையாக நிற்கும் 'டொக்' ஒன்றிரண்டுக்கு மேல் கைகாட்டாது.

கீச்சுக்கு இங்கே கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும். விஷ்போன் சேஸிஸோடு சேரும் இடங்களில் ரப்பர் புஷ் இருக்கும். எது கத்துகிறது என்று கண்டுபிடிக்க, ஒரு பாட்டில் சோப்புத் தண்ணீரும் கார்மேல் ஏறிக் குதிக்க ஒரு ஆளும் போதும். ஒவ்வொரு புஷ்ஷாகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். எதில் பட்டதும் வாய் மூடுகிறதோ அதுதான். தண்ணீர் காய்ந்தால் மறுபடி கத்தும் என்பதால் இது வைத்தியம் இல்லை, விசாரணை மட்டுமே. சாதாரண எண்ணெயை ரப்பர்மேல் விட்டால் அது ஊறி உப்பிவிடும். ரப்பருக்கென்று இங்கே கடையில் விற்கும் சிவப்பு கிரீஸ், விளக்கெண்ணெயை அடிப்படையாகக் கொண்டது. வைக்கோல் கரியில் விளக்கெண்ணெய் குழைத்து மாட்டுவண்டி அச்சுக்கு மை போட்ட ஊர்க்காரனுக்கு, ஆங்கிலேயக் கடை அலமாரியில் அந்த எண்ணெயைப் பார்ப்பதில் ஒரு சின்னச் சந்தோஷம். ரப்பருக்குப் பதில் கடினமான பாலியூரித்தேன் புஷ் போட்டுக்கொள்வது இப்போது வழக்கம். எனக்கு உடன்பாடில்லை. பழைய வண்டியைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட வைக்கிறது அது; உலர்ந்துவிட்டாலோ ரப்பரைவிட மோசமாகக் கத்தும்.

புது ரப்பர் புஷ் போட்ட ஆறே மாதத்தில் கத்தினால் பெரும்பாலும் தப்பு ரப்பரில் இல்லை, ஸ்பேனர் பிடித்தவர் கையில். சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே காலம் தள்ள வேண்டியிருக்கும். வண்டியின் பாரம் சக்கரத்தில் ஏறியபிறகுதான் கடைசி இறுக்கு.

என் நண்பர் ஒருவரிடம் எம்ஜிபி இருக்கிறது. அதன் முன் அமைப்பு அலெக் இஸிகோனிஸ் போருக்கு முன்பே யோசித்தது. அதில் ஷாக் அப்சார்பரின் கையே மேல் விஷ்போனாகவும் உழைக்கும். ஒரே ஆள் இரண்டு வேலை. அழகான சிக்கனம்தான், ஆனால் அந்தக் கையின் தண்டு தேய்ந்தால் சத்தத்தை ஷாக் அப்சார்பரா விஷ்போனா என்று பிரிக்கவே முடியாது, இரண்டும் ஒன்றே. துப்பறிகிறவனுக்கு அதில் ருசி குறைவு.

சரி, என் டொக்குக்கு வருகிறேன். முதல் மாதம் நான் செய்ததெல்லாம் மேஸ்திரி கேட்டால் செருப்பாலடிக்கிற காரியம். ஷாக் அப்சார்பர் மேல் ரப்பரை மாற்றினேன். சத்தம் போகவில்லை. பானட்டே ஏமாற்றுகிறதோ என்று தோன்றியது. அந்தப் பெரிய பானட் முன்பக்கக் கீலிலும் பின்பக்க இரண்டு கொக்கியிலும்தான் நிற்கிறது. அதற்கு முந்தைய வருடம் ஒரு கொக்கி தளர்ந்து, பள்ளத்துக்குப் பள்ளம் ஷாக் அப்சார்பர் குரலில் பேசி என்னை இரண்டு வாரம் முட்டாளாக்கியிருந்தது. இந்த முறை பானட்டைத் திறந்தபடியே வாசலில் முன்னும் பின்னும் நகர்த்தினேன். டொக். டிக்கியிலிருந்து ஜாக்கி, ஸ்பேனர் பை, ஸ்டெப்னி எல்லாவற்றையும் இறக்கினேன். டொக்.

அப்புறம்தான் உட்கார்ந்து 'எப்போது' என்று யோசித்தேன். திசை மாறினால் ஒருமுறை, அப்புறம் இல்லை. அப்படியென்றால் ஏதோ ஒன்று, இருக்க வேண்டிய இடத்தில் இறுக்கமாக இல்லாமல் இரண்டு சுவருக்கு நடுவே சின்ன இடைவெளியில் கிடக்கிறது. முன்னே போகையில் பிரேக் போட்டால் பின்சுவரில் போய் முட்டுகிறது. முட்டியபின் அங்கேயே கிடக்கும். அடுத்த பத்து பிரேக்குக்கும் நகர இடமில்லை. ரிவர்ஸில் பிரேக் போட்டால் முன்சுவருக்கு வரும். மேலும் கீழும் ஆடும் தளர்ச்சியாக இருந்தால் பள்ளத்தில் பேசியிருக்கும். இது முன்னும் பின்னும் நகரும் தளர்ச்சி. பட்டியலில் மிஞ்சியது இரண்டே: பிரேக் பேடு, இல்லையென்றால் கீழ் விஷ்போனின் வெளிமுனை.

பேடு இல்லை என்பது பத்து நிமிடத்தில் தெரிந்தது. பேடுக்கும் கேலிப்பருக்கும் நடுவே தகடு செருகி இறுக்கிப் பார்த்தேன், டொக் மாறவில்லை.

அடுத்து சக்கரத்தை ஆட்டிப் பார்க்கும் பழைய சோதனை. சக்கரத்தின் தலையிலும் அடியிலும் கை வைத்து உள்ளும் வெளியுமாக ஆட்ட வேண்டும். ஆட்டம் தெரிந்தால் யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்ல வேண்டும். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் அதற்கு உள்ளே இருக்கும் இணைப்பு. இந்த வண்டியின் பேரிங்கில் ஒரு முடியளவு ஆட்டம் வேண்டுமென்றே விட வேண்டும் என்பதால், அதைக் கண்டு பதறக் கூடாது. பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் டை ராடு முனையும், ரப்பர் கட்டையில் உட்கார்ந்திருக்கும் ஸ்டீயரிங் ரேக்கும் தம் கதையைச் சொல்லும். என் வண்டியில் எல்லாமே சுத்தம். நம்பவில்லை. ஜாக்கியில் தொங்குகிற சக்கரம் பொய் சொல்லும். ஸ்பிரிங் கீழே தள்ள, ஷாக் அப்சார்பர் நீளும் மட்டும் நீண்டு, எல்லா இணைப்பும் ஒரு பக்கமாக இழுபட்டு விறைத்து நிற்கும். தளர்ந்த மூட்டுகூட அந்த நிலையில் நல்ல பிள்ளையாக நடிக்கும். பாரத்தை ஏற்றிவிட்டுத்தான் விசாரிக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் தரையில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, மகளை ஓட்டுநர் இருக்கையில் உட்கார்த்தினேன். மனைவி பின்னால் டிக்கியில் கை வைத்து நின்றாள். நான் முன்பக்கம் தரையில் படுத்து, கையை நீட்டி, கீழ் விஷ்போனும் சக்கரத்தைத் தாங்கும் பித்தளைக் கட்டையும் சேருமிடத்தில் ஆள்காட்டி விரலைக் குறுக்கே வைத்தேன். பாதி விரல் இதன்மேல், பாதி அதன்மேல். மேஸ்திரியிடம் பார்த்த வித்தை. கண்ணுக்குத் தெரியாத நகர்வு விரலுக்குத் தெரியும்.

"பிரேக்கை அமுக்கிக்கோ, விடாத."

"அமுக்கிட்டேன்ப்பா."

"இப்ப மெதுவா முன்னாடி தள்ளு. பின்னாடி இழு."

மூன்றாவது இழுப்பில் விரல் நுனியில் ஒரு சின்னக் கடி. கட்டை விஷ்போனுக்குள் ஒரு மில்லிமீட்டர் வழுக்கிப் போய் நின்றது. காதுக்குச் சத்தம் வந்து சேருமுன் விரல் அதைக் கேட்டுவிட்டது. நாலு மாதமாக வாசலில் கேட்ட அதே டொக். மறுபடி தள்ளச் சொன்னேன், மறுபடி இழுக்கச் சொன்னேன். தேவையே இல்லாமல் ஏழெட்டு முறை. "கெடச்சாச்சுன்னா எழுந்து வாங்களேன், குளிருது" என்றாள் மனைவி.

அந்தப் பித்தளைக் கட்டைக்கு ட்ரனியன் என்று பெயர். கட்டையின் அடியில் குறுக்கே ஒரு போல்ட் ஓடும். அதைச் சுற்றி ஒரு எஃகுக் குழல், குழலைச் சுற்றி நைலான் புஷ். சக்கரம் ஏறி இறங்குவது இந்த நைலானில். ஸ்டீயரிங் திரும்புவதோ இன்னொரு வழியில்: சக்கரத்தைத் தாங்கும் நெட்டுக்குத்தான இரும்பின் அடிமுனையில் மரை வெட்டி, அதைக் கட்டைக்குள் திருகியிருக்கும். திருப்பும்போது ஒரு திருகாணி தன் மரையில் முன்னும் பின்னும் சுழல்வதுதான். இடதுக்கும் வலதுக்கும் மரை எதிரெதிர். ஆல்ஃபோர்டு அண்ட் ஆல்டர் என்ற கம்பெனி செய்த இந்தத் துண்டை லோட்டஸ் தன் எலானுக்கும் வாங்கிப் போட்டது. அந்தக் காலத்தில் அழகாகத் திரும்பும் என்று பெயர் வாங்கிய கார் அது. சாதாரண குடும்ப வண்டியின் துண்டு. அதனால்தான் இதை மட்டம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

இதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. கிரீஸ் கூடாது; கெட்டியான கியர் ஆயில், தொண்ணூறாம் நம்பர், 6,000 மைலுக்கு ஒருமுறை. கிரீஸ் மரையின் மேற்பகுதியோடு நின்றுவிடும். அடியில் தண்ணீர் தேங்கும், துரு ஏறும், இரும்பு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போய் ஒருநாள் மரை தொடங்கும் இடத்தில் முறியும். பெரும்பாலும் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து வண்டியை ஓரங்கட்டும்போதுதான். சிறுவயதில் எங்கள் தெருமுனையில் ஒரு ஹெரால்டு, சக்கரம் மடங்கி, முழங்கால் போட்ட மாடு மாதிரி படுத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் கேட்கும் இடத்தில் கிரீஸ் துப்பாக்கியை வைத்தவர் யாரோ.

போல்ட் கழலவில்லை. ஐம்பது வருடத் துருவில் குழலோடு ஒன்றாகிப்போயிருந்தது. ஒரு மத்தியானம் முழுக்க ரம்பத்தால் இரண்டு பக்கமும் அறுத்தெடுத்தேன். நைலான் புஷ்ஷின் ஓர விளிம்பு, கட்டைக்கும் விஷ்போனுக்கும் நடுவே தடுப்பாக நிற்க வேண்டியது, வாழைப்பூ மடல்போல மெலிந்து கிழிந்திருந்தது. டொக்கின் பிறந்த வீடு அதுதான், அங்கே நிறுத்தியிருக்கலாம். வெளியே எடுத்த கையோடு கட்டையை மரையிலிருந்து திருகிக் கழற்றினேன். மேலே, காய்ந்து கறுத்த கிரீஸ். எனக்கு முன் வண்டியை வைத்திருந்த யாரோ பாசத்தோடு அடைத்தது. அடியில் காவி நிறத் தண்ணீர் அரைக் கரண்டி. துணியால் துடைத்ததும் மரை தொடங்கும் இடத்தில் சுற்றிலும் பொரிப்பொரியாகத் துருப் பள்ளம். நாலு மாதம் தொந்தரவு செய்தது நைலான். முறியத் தயாராக இருந்த இரும்பு ஒரு சின்ன முனகல்கூட முனகவில்லை.

இரும்பையும் கட்டையையும் புதிதாக வாங்கினேன். கட்டையை முழுக்கத் திருகி ஏற்றி, பிறகு ஒரு சுற்றுக்கும் குறைவாகப் பின்னால் விட வேண்டும். இல்லையென்றால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் முழுசாக ஒடியாது. கிரீஸ் துப்பாக்கியைக் கழுவி, அதில் கியர் ஆயில் நிரப்பி அடித்தேன். மேல்விளிம்பில் பொன்னிறமாகக் கசிந்து வழிந்தது. துடைக்க மனம் வரவில்லை. வலது பக்கத்தையும் அதே வாரம் பிரித்தேன்.

வண்டியை இறக்கிய அன்று சாயங்காலம் வாசலில் ரிவர்ஸ் எடுத்து பிரேக் போட்டேன். ஒன்றுமில்லை. முன்னே வந்து மிதித்தேன். ஒன்றுமில்லை. ஜன்னல்களை இறக்கிவிட்டு மறுபடி. கூரையை மடக்கிவிட்டு மறுபடி. சரளைக் கல் நெரிபடும் சத்தம் மட்டும். பத்துப் பன்னிரண்டு முறை போய்வந்திருப்பேன். எதிர்வீட்டுப் பெரியவர் நாயோடு கேட்டருகே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் தெருவைக் கடந்து வந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார்: நிறுத்தச் சிரமமாக இருந்தால் நான் வேண்டுமானால் உள்ளே விட்டுத் தரட்டுமா?